நீலத் தொப்பி, வெள்ளை வண்டி: நீங்க கேட்டீங்க, ஒரு ரிட்டயர்டு கர்னல் பதில் சொல்றார்

போன இதழ்ல தெற்கு சூடான்ல நான் இருந்த ஒரு வருஷத்த பத்தி ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. பாதி பேர் பேரு போட வேண்டாம்னு எழுதியிருந்தீங்க, அதனால எல்லாருக்குமே ஊர் மட்டும்தான். புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு வரி: நான் கோவில்பட்டி பக்கத்து கரிசக்காட்டுக்காரன், ஆர்மில லெப்டினன்ட் கர்னலா ரிட்டயர்டு ஆனவன், 2020 நவம்பர்ல இருந்து 2021 டிசம்பர் வரைக்கும் ஐ.நா. அமைதிப்படைல மிலிட்டரி அப்சர்வரா மாலக்கால்ங்கிற ஊர்ல இருந்தேன். வெள்ளை நைல் ஆத்துக் கரைல இருக்கிற ஊர். அந்த நாடு சுதந்திரம் வாங்கினது 2011 ஜூலை 9, ஐ.நா. வோட அன்மிஸ் மிஷனும் அதே நாள்லதான் ஆரம்பிச்சுது.

வெளிநாட்டுல ஆபீசரா இருந்தா தினமும் என்ன சார் வேலை? காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க. (திருமங்கலம்)

அஞ்சரைக்கெல்லாம் முழிப்பு வந்துரும், அலாரமே வேண்டாம். கேம்ப் பூரா ஜெனரேட்டர்லதான் ஓடுது, விடியக்காலைல ஒண்ண நிறுத்திட்டு இன்னொண்ண ஓட விடுவாங்க, நடுவுல ஒரு ரெண்டு நிமிஷம் சத்தமே இருக்காது பாருங்க, அதுதான் அலாரம். ராத்திரி பூரா அந்த இரைச்சல்லயே தூங்கிப் பழகினவனுக்கு இரைச்சல் நின்னாதான் தூக்கம் கலையும். ரூம்னு சொல்றது கன்டெய்னர் மாதிரி ஒரு தகரப் பெட்டி, உள்ள ஒரு கட்டில், கொசுவலை, ஒரு ஏசி, ஒரு ஜன்னல். ஏசி ஓடாத நாள்ல உள்ள இருக்கிறதுக்கு வெளில வெயில்ல நிக்கலாம்.

முதல் வேலை வாளில தண்ணி பிடிச்சு வைக்கிறது. எங்க ஊர்ல குழாய்ல தண்ணி வர்ற நாளுக்கு எங்கம்மா எப்படி எந்திரிப்பாங்களோ அதே மாதிரிதான், இருபது வருஷ சர்வீசுக்கு அப்புறம் நானும் அங்கயே வந்து நிக்கிறேன்னு தோணும். ஏழரைக்கு பிரீஃபிங், நேத்து எங்க என்ன நடந்துச்சு, இன்னைக்கு எந்த ரோடு திறந்திருக்கு, எந்த கிராமத்துக்கு யார் போறது. எட்டு மணிக்கு வண்டிய எடுக்கணும். எடுக்கிறதுக்கு முன்னாடி டயர், டீசல், ஸ்பேர் வீல், இழுக்கிற கயிறு, மண்வெட்டி, ரேடியோ, தண்ணி பாட்டில் எல்லாம் பாத்துட்டு, கார்லாக்னு டேஷ்போர்டுல ஒரு மிஷின் இருக்கும் அதுல ஐடி கார்ட தேய்க்கணும். யார் ஓட்டுறா, எவ்ளோ வேகம்னு எல்லாத்தையும் அது எழுதி வச்சுக்கும், மாமியார் மாதிரி.

கிராமத்துக்கு போய் பெரியவரப் பாப்போம், அப்புறம் தனியா பொம்பளைங்கள பாப்போம், ஆம்பளைங்க முன்னாடி அவங்க வாயத் திறக்க மாட்டாங்க. கேக்கிற கேள்வி எல்லாம் சாதாரணமா இருக்கும். சந்தைல சோளம் என்ன விலை, பள்ளிக்கூடம் நடக்குதா, மாடு ஏதும் களவு போச்சா, புதுசா யாராவது துப்பாக்கியோட வந்து தங்கியிருக்காங்களா. சோள விலை திடீர்னு ஏறிருச்சுன்னா எங்கயோ ரோட்ட மறிச்சிருக்காங்கன்னு அர்த்தம், ஊர்ல வாலிபப் பசங்களே கண்ணுல படலேன்னா அது இன்னும் பெரிய விஷயம். எல்லாத்தையும் நோட்டுல குறிச்சுட்டு இருட்டுறதுக்குள்ள கேம்புக்கு வந்துரணும். வந்து சிட்ரெப் அடிக்கணும், அதான் அன்னன்னைக்கு அனுப்புற நிலவர ரிப்போர்ட். ஏழு மணிக்கு ரேடியோ செக், ஒவ்வொருத்தனும் தன் கால் சைன், அதான் ரேடியோல கூப்பிடுற பேரு, சொல்லி இருக்கேன்னு சொல்லணும், ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் மாதிரி. அதுக்கப்புறம் சமையல், வீட்டுக்கு போன், தூக்கம்.

அவ்ளோதாங்க. பாக்கிறது, கேக்கிறது, எழுதுறது. சினிமால வர்ற மாதிரி எதுவும் இல்லேன்னு உங்களுக்கு ஏமாத்தமா இருந்தா நான் என்ன செய்ய.

என்ன துப்பாக்கி குடுப்பாங்க? (பிளஸ் ஒன் மாணவன், சாத்தூர்)

ஒண்ணும் குடுக்க மாட்டாங்க தம்பி. அப்சர்வர்னா கைல ஆயுதமே கிடையாது, அதான் அந்த வேலையோட முறையே. நம்ம நாட்டு யூனிஃபார்ம், நீல பெரே தொப்பி, ஒரு தோள்ல நம்ம கொடி, இன்னொரு தோள்ல ஐ.நா. பேட்ஜ், கைல நோட்டுப் புக்கு. ஆபத்தான ரோட்டுல போறப்ப பட்டாலியன்காரங்க ஆயுதத்தோட கூட வருவாங்க, மாலக்கால்ல இந்திய பட்டாலியனும் இருந்துச்சு, ருவாண்டாகாரங்களும் இருந்தாங்க.

ஆயுதம் இல்லாம எப்படி இருக்கும்னா, ஒரு செக்போஸ்ட்ல உன் வயசுதான் இருக்கும், ஒரு பையன் ஏகே 47 வச்சுகிட்டு எங்க வண்டிய மறிச்சான். கண்ணு செவந்து கிடக்கு, ட்ரிக்கர்லயே விரல். இருபது வருஷம் ட்ரெயினிங் எடுத்த கை தன்னால இடுப்புக்கு போவுது, அங்க ஒண்ணும் இல்ல. அவன் "மோயா, மோயா"ங்கிறான். அந்த ஊர் அரபில மோயான்னா தண்ணி. ரெண்டு பாட்டில குடுத்தோம், ஒண்ண அங்கயே நின்னு முழுசா குடிச்சுட்டு கயித்த இறக்கி விட்டான். அன்னைக்கு சிட்ரெப்ல நாங்க எழுதினது ஒரு வரி: செக்போஸ்ட்ல பத்து நிமிஷம் தாமதம்.

ஐ.நா. வுக்கு செலக்ட் ஆக ரொம்ப கஷ்டமான டெஸ்ட் எது சார்? (ஈரோடு)

சிரிக்காதீங்க, டிரைவிங் டெஸ்ட். டெல்லில அமைதிப்படைக்குன்னே ஒரு ட்ரெயினிங் சென்டர் இருக்கு, அங்க கோர்ஸ் முடிச்சு, ஆன்லைன்ல பிசேஃப்னு ஒரு பாதுகாப்புப் பரீட்சை எழுதி, மெடிக்கல்ல ஷேப் ஒன், அதான் முழு ஃபிட்டுங்கிற கிரேடு, வாங்கி, அடிஸ் அபாபா வழியா தலைநகர் ஜுபா போய் இறங்கி, கொரோனா காலம்கிறதால 14 நாள் ஒரு கன்டெய்னர்ல அடைஞ்சு கிடந்து, எல்லாம் முடிச்சு வெளில வந்தா லேண்ட் க்ரூசர குடுத்து ஓட்டிக் காட்டுங்கிறாங்க. அங்க ரோட்டுக்கு வலது பக்கமா போகணும், ஸ்டியரிங் இடது பக்கம். நான் இண்டிகேட்டர் போடுறேன்னு நினைச்சு வைப்பர போட்டேன். மழையும் இல்ல ஒண்ணும் இல்ல, காஞ்ச கண்ணாடில அது கிரீச் கிரீச்னு ஆடுது, பக்கத்துல உக்காந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒண்ணுமே சொல்லாம பேப்பர்ல ஏதோ குறிச்சார். ரவுண்டானால இன்னொரு தடவை வைப்பர். ஃபெயில்.

ரெண்டாவது தடவை பாஸ் பண்ணிட்டேன். தொடர்ந்து ஃபெயில் ஆனா மூட்டைய கட்டி திருப்பி அனுப்பிடுவாங்க, அந்த பயத்துல கன்டெய்னருக்குள்ள நாற்காலில உக்காந்து சாப்பாட்டுத் தட்ட ஸ்டியரிங்கா பிடிச்சு பிராக்டிஸ் பண்ணினேன். கர்னல் ராங்க்ல இருக்கிற ஆளு இத வெளில சொல்லக் கூடாதுதான்.

சாப்பாட்டுக்கு என்ன பண்ணினீங்க? மெஸ் உண்டா? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

பட்டாலியனோட போறவங்களுக்கு ரேஷன் வரும், சமையக்காரங்க இருப்பாங்க. அப்சர்வருக்கு அது கிடையாதும்மா, கைல காசு குடுத்துருவாங்க, நீயே வாங்கி நீயே பொங்கிக்கணும். அதனால பெட்டில யூனிஃபார்ம விட குக்கரும் மிக்சியும்தான் பத்திரமா போச்சு. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தல்னு என் வீட்டுக்காரி எட்டு கிலோ கட்டிக் குடுத்தா.

அங்க இட்லி மாவுக்கு ஒரு வசதி உண்டு, வெயில் நாப்பது டிகிரி அடிக்கிறப்ப காலைல அரைச்சு வச்சா மத்தியானம் மூடியத் தள்ளிகிட்டு வெளில வந்துரும். பேட்ரோல் போயிட்டு சாயங்காலம் வந்து பாத்தா ஷெல்ஃப் பூரா மாவு. அப்புறம் கணக்கு தெரிஞ்சு போச்சு, ஏசி பக்கத்துல வச்சுட்டு போக ஆரம்பிச்சேன். என் டீம்ல கானா நாட்டு மேஜர் ஒருத்தர் இருந்தார், இட்லிய முதல்ல பாத்துட்டு இதுல ருசியே இல்லியேன்னு சொன்னவரு பொடி தொட்டு சாப்பிட்டதுக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமை ஆனா தட்டோட வந்து நிப்பாரு. பச்சைக் காய்கறிதான் கஷ்டம், ஹெலிகாப்டர் வரலேன்னா வெங்காயம் மட்டும்தான். மழைக்காலத்துல ஒரு தடவை பதினோரு நாள் வெங்காய சாம்பார்.

கரிசக்காட்டுக்காரன்னு சொன்னீங்களே, அங்க மண்ணு எப்படி அண்ணாச்சி? (விளாத்திகுளம்)

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு கடுங்காப்பி வாங்கித் தரணும். அங்கயும் நம்ம மண்ணுதான் அண்ணாச்சி! கறுப்பு மண்ணு, கோடைல கை நுழையிற அளவுக்கு வெடிப்பு, மழை பேஞ்சா அப்படியே பசை. முத மழை அன்னைக்கு மத்த நாட்டு ஆபீசருங்க எல்லாம் வண்டிய எடுத்துட்டு கிளம்பினாங்க, நான் மட்டும் வேண்டாம்யா, ரெண்டு நாள் காயட்டும்னேன். யாரும் கேக்கல. மூணு கிலோமீட்டர்ல முத வண்டி அச்சு வரைக்கும் இறங்கிருச்சு, அத இழுக்கப் போன வண்டியும் இறங்கிருச்சு. டயர்ல மண்ணு அப்பி அப்பி சக்கரமே உருண்டையா நிக்குது. சாயங்காலம் வரைக்கும் மண்வெட்டி. அதுக்கப்புறம் ரோட்டப் பத்தி என்னதான் கேப்பாங்க, ஐ.நா. மேப்ப விட எங்க அப்பாவோட பருத்திக்காட்டு ஞானம்தான் அங்க வேலை செஞ்சுது.

ஆனா மே மாசம் ஆரம்பிச்ச மழை அக்டோபர் தாண்டியும் விடாது, கிராமம் கிராமமா துண்டிச்சுப் போகும், ஹெலிகாப்டர்தான் ஒரே வழி. 2021ல அந்த நாட்டுல பெரிய வெள்ளம், பென்டியூங்கிற ஊர்ல பாகிஸ்தான் இன்ஜினியர் படைதான் மண்ணக் கொட்டி கரை கட்டி ஊர காப்பாத்தினாங்க.

பாகிஸ்தான் ஆபீசர்களோட ஒண்ணா இருக்கணுமாமே, சண்டை வராதா? (கரூர்)

எங்க டீம்ல ஒருத்தர் இருந்தார், முல்தான் பக்கத்து ஆளு. சண்டையா? நான் பேசுற ஹிந்தியக் கேட்டு அவர் சிரிச்ச சிரிப்புதான் ஒரே பிரச்சனை. வடக்கத்தி ஆபீசருங்களும் அவரும் சரளமா பேசுவாங்க, நான் நடுவுல "ஹான் ஜி"ன்னு உக்காந்திருப்பேன், கடைசில அவரே எனக்காக இங்கிலீஷுக்கு மாறிடுவார்.

2021 அக்டோபர் 24, ஐ.நா. தினம், காலைல கொடியேத்தி ஃபங்ஷன். அன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு துபாய்ல டி20 உலகக்கோப்பை, இந்தியா பாகிஸ்தான். டிவி ரூம்ல நாங்க எட்டு பேரு, அவங்க மூணு பேரு. ரோஹித் முத பால்லயே போயிட்டாரு. அப்புறம் அவங்க ஓபனிங் ஜோடி 152 ரன்ன விக்கெட்டே விழாம அடிச்சுட்டாங்க, பத்து விக்கெட்டுல தோல்வி, உலகக்கோப்பைல அவங்க கிட்ட நாம முத தடவையா தோத்தது நான் அங்க இருக்கிறப்பதான் நடக்கணுமா. ரூம்ல வந்து படுத்துட்டேன். கதவு தட்டுற சத்தம், மனுஷன் ஒரு கிண்ணத்துல பால் பாயாசத்தோட நிக்கிறார். "இது ஜெயிச்சதுக்கு இல்ல, ஐ.நா. தினத்துக்கு"ன்னார். முந்திரி எல்லாம் போட்டிருந்துச்சு. தின்னேன், வேற என்ன செய்ய.

சம்பளம் டாலர்லயா? எவ்ளோ வரும்? (மூணு பேர் கேட்டிருக்காங்க)

என் கணக்கு என் வீட்டுக்காரிக்கு தெரிஞ்சா போதும். பொதுவான விவரம் சொல்றேன். அப்சர்வருக்கு நம்ம ஊர் சம்பளம் அப்படியே இருக்கும், தங்கவும் சாப்பிடவும் ஐ.நா. தனியா ஒரு படி நேரா குடுக்கும். பட்டாலியனா போற ஜவான்களுக்கு முறை வேற, ஒரு ஆளுக்கு மாசம் இவ்ளோன்னு ஐ.நா. அரசாங்கத்துக்கு குடுக்கும், 2018 ஜூலைல இருந்து அது 1,428 டாலர், 2022ல 1,448 ஆக்கினாங்க, அரசாங்கம் தன் விதிப்படி ஜவானுக்கு வெளிநாட்டுப் படி குடுக்கும். அந்த 1,448ம் அப்படியே ஜவான் பாக்கெட்டுக்கு வருதுன்னு யூடியூப்ல ஒருத்தர் பேசுறத பாத்தேன், அது தப்பு. இன்னொண்ணு, அங்க டாலர் நோட்டு பழசா கசங்கி இருந்தா கடைக்காரன் தொடவே மாட்டான், தலைய ஆட்டிட்டு திருப்பிக் குடுத்துருவான்.

பொண்ணுங்க போகலாமா? எனக்கு ஆர்மி ஆபீசர் ஆகணும். (பிளஸ் டூ மாணவி, தேனி)

தாராளமா போகலாம் கண்ணு. நான் இருந்த அதே தெற்கு சூடான்ல எனக்கு முன்னாடி அப்சர்வரா இருந்தவங்க மேஜர் சுமன் கவானி, 2019ம் வருஷத்துக்கான ஐ.நா. ராணுவ பாலின சமத்துவ விருத வாங்கின முதல் இந்தியர். 2023க்கு அந்த விருது காங்கோல இருந்த மேஜர் ராதிகா சென்னுக்கு. அதுக்கும் முன்னாடி 2007லயே லைபீரியாவுக்கு முழுக்க பொண்ணுங்களே இருக்கிற போலீஸ் படைய அனுப்பினது நம்ம நாடு, உலகத்துலயே அதுதான் முதல்.

மேல சொன்னேனே, கிராமத்துல பொம்பளைங்க ஆம்பளைங்க கிட்ட பேச மாட்டாங்கன்னு. எங்க டீம்ல ஒரு பெண் ஆபீசர் வந்ததுக்கு அப்புறம்தான் ஒரு கிராமத்துல ராத்திரில என்ன நடக்குதுன்னே எங்களுக்கு தெரிய வந்துச்சு, அதுக்கு முன்னாடி அஞ்சு தடவை போய் நாங்க எழுதினது எல்லாம் "அமைதி". வெக்கமா இருந்துச்சு.

வழி கேட்டியே, டிகிரி முடிச்சுட்டு போனா சென்னை பரங்கிமலைல இருக்கிற ஓடிஏ, அதான் ஆபீசர் ட்ரெயினிங் அகாடமி, 1992ல இருந்தே பொண்ணுங்கள எடுக்கிறாங்க. பிளஸ் டூ முடிச்ச கையோடன்னா என்டிஏ, அதான் நேஷனல் டிஃபென்ஸ் அகாடமி, 2022ல இருந்து அங்கயும் பொண்ணுங்க உண்டு. கணக்க விட்டுறாத.

ஐ.நா. படை போய் எந்த சண்டைய நிறுத்தியிருக்கு? வேடிக்கை பாக்கத்தானே போறீங்க? (சேலம்)

கோவமா கேட்டாலும் நியாயமான கேள்வி. சண்டைய நாங்க நிறுத்தல, ரெண்டு தரப்பும் அடிச்சுக்கணும்னு முடிவு பண்ணிட்டா நீலத் தொப்பியால நிறுத்த முடியாது, அத பக்கத்துல இருந்து பாத்தவன் நான். மாலக்கால் ஊரே அப்படித்தான் அரசாங்கப் படைக்கும் கிளர்ச்சிப் படைக்கும் நடுவுல கை மாறி கை மாறி சிதைஞ்சது, எங்க கேம்ப ஒட்டி கம்பிவேலிக்குள்ள 30 ஆயிரம் பேருக்கு மேல தார்ப்பாய் குடிசைல இருந்தாங்க, பல பேருக்கு அவங்க சொந்த வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான், ஆனா போக பயம்.

வேடிக்கை பாக்கிறதுன்னு சொன்னீங்களே, ஒரு நாள் வேடிக்கை பாத்தத சொல்றேன். அந்த முகாம் பொம்பளைங்க விறகு பொறுக்க வெளில போகணும். ஆம்பள போனா கொன்னுருவாங்க, பொம்பள போனா வேற மாதிரி நடக்கும், ரெண்டுல எது பரவால்லன்னு ஒவ்வொரு வீட்டுலயும் கணக்குப் போட்டு பொம்பளைய அனுப்புவாங்க, இத அவங்களே எங்க கிட்ட சாதாரணமா சொன்னாங்க. அதனால வாரத்துல சில நாள் நாங்க வண்டிகளோட கூட போவோம். புதர்க் காட்டுல வண்டிய நிறுத்திட்டு நிப்போம். அவ்ளோதான், நிக்கிறது. நூறு பேருக்கு மேல அரிவாள எடுத்துகிட்டு உள்ள போவாங்க, நாலு மணி நேரம் கழிச்சு தலைல கட்டோட வருவாங்க. வர்றப்ப எண்ணுவேன், போறப்ப எண்ணின எண்ணிக்கை சரியா வரணும். ஒரு தடவை ஒண்ணு குறைஞ்சது. இருபது நிமிஷம். ஹாரன் அடிச்சுகிட்டே இருந்தோம். ஒரு பாட்டி, கட்டு அவிழ்ந்து போச்சுன்னு உக்காந்து மறுபடி கட்டிட்டு மெதுவா வருது, எங்களப் பாத்து எதுக்குய்யா இப்படி சத்தம் போடுறீங்கங்கிற மாதிரி கைய ஆட்டுது. இது வேடிக்கைதான்னா, ஆமா, வேடிக்கைதான் பாத்தோம்.

பாம்பு? (அம்பாசமுத்திரம், ஒரே சொல்லுல கடிதம்)

உண்டு. ஷூவ உதறிட்டுதான் போடணும். ஆனா ஆள படுக்க வச்சது கொசுதான், மலேரியாவுக்கு வாரம் ஒரு மாத்திரை போடுவேன், அது போடுற அன்னைக்கு வர்ற கனவு எல்லாம் தனி ரகம்.

அங்க மாடு மேய்க்கிறவங்க கூட துப்பாக்கி வச்சிருப்பாங்களாமே? (அலங்காநல்லூர்)

மாடுதான் அங்க பேங்க் பேலன்ஸ், கல்யாணத்துக்கு பொண்ணு வீட்டுக்கு மாடுதான் குடுக்கணும், அதனால மாட்ட களவாட ஒரு கூட்டம், காக்க ஒரு கூட்டம், ரெண்டு பேர் கைலயும் துப்பாக்கி. கொம்பு ஒவ்வொண்ணும் யாழ் மாதிரி வளைஞ்சு ஆள் கை நீளத்துக்கு மேல இருக்கும். டிங்காங்கிற இனத்துப் பசங்க தன் காளைய புகழ்ந்து பாட்டுக் கட்டி பாடுவான், அது நிறம், கொம்பு, நடை எல்லாம் பாட்டுல வரும், உங்க ஊர்க்காரங்க பாத்தா அங்கயே தங்கிருவீங்க. இந்தியப் படை மாலக்கால்ல ஒரு கால்நடை ஆஸ்பத்திரியே நடத்துச்சு. மனுஷ டாக்டர விட மாட்டு டாக்டருக்குத்தான் அங்க மரியாதை ஜாஸ்தி, எந்த செக்போஸ்ட்லயும் அவர் வண்டிய நிறுத்தி நான் பாத்ததில்ல.

என் கணவர் லெபனானுக்கு போறதா ஆர்டர் வந்திருக்கு. நியூஸ் பாத்தா தூக்கம் வரல. என்ன செய்யணும்? (பேர் வேண்டாம், வேலூர் மாவட்டம்)

வேலூர் மாவட்டத்துல ஆர்மி வீடு இல்லாத தெரு இருக்காதேம்மா, பக்கத்து வீட்டு அக்காவே என்ன விட நல்லா சொல்லுவாங்க. இருந்தாலும் சொல்றேன். யூனிஃபில்ங்கிற ஐ.நா. மிஷன் 1978ல இருந்து அங்க இருக்கு, நம்ம பட்டாலியன் 1998ல இருந்து. லெபனானுக்கும் இஸ்ரேலுக்கும் நடுவுல 120 கிலோமீட்டர் நீலக் கோடுன்னு ஒரு எல்லை, அத ஒட்டித்தான் வேலை. ஆபத்தே இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன், 2024ல ஐ.நா. போஸ்ட்டுகள் மேலயே குண்டு விழுந்துச்சு. ஆனா பங்கருக்குள்ள எப்ப போகணும், எப்ப வரணும்கிறதுக்கு கணக்கான விதி உண்டு, அத நம்ம ஆளுங்க ஒழுங்கா செய்வாங்க. 2025 ஆகஸ்ட்ல பாதுகாப்பு சபை முடிவு பண்ணிருச்சு, 2026 டிசம்பர் 31ஓட அந்த மிஷன் வேலை முடியுது, அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள எல்லாரும் கிளம்பணும். அதனால அவர் போறது மூட்டை கட்டுற வேலைக்காகவும் இருக்கலாம், தேதி மாறினா பதறாதீங்க.

நீங்க செய்ய வேண்டியது: பேங்க் அக்கவுண்ட் உங்க பேரும் சேந்ததா இருக்கட்டும், நாமினி எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க, வீட்டுப் பத்திரம் கரண்ட்டு பில்லுக்கெல்லாம் ஒரு பவர் எழுதி வாங்கிக்கங்க. ஸ்வெட்டர் வாங்கிக் குடுங்க, அங்க பனி கொட்டும். நேரம் நம்மள விட வெயில் காலத்துல ரெண்டரை மணி, குளிர் காலத்துல மூணரை மணி பின்னாடி, போன் பேசுற நேரத்த வச்சு ஒரு கணக்கு பேசிக்கங்க. போன் வரலேன்னா நெட்வொர்க் போச்சுன்னு முதல்ல நினைங்க, நூத்துக்கு தொண்ணூத்தொம்பது தடவை அதுதான். அவர் எந்த போஸ்ட்ல இருக்கார்னு ஸ்டேட்டஸ் போடாதீங்க.

குடும்பத்த விட்டுட்டு இருந்ததுல எது ரொம்ப கஷ்டம்? (நாமக்கல்)

சின்னதா ஒண்ணு, பெருசா ஒண்ணு சொல்றேன்.

சின்னது. நான் போனப்ப மாலக்காலுக்கும் இந்தியாவுக்கும் ரெண்டரை மணி நேரம்தான் வித்தியாசம், ரேடியோ செக் முடிச்சு ஏழு மணிக்கு போன் போட்டா இங்க ஒம்பதரை, மக முழிச்சிருப்பா, ஸ்கூல் கதை எல்லாம் சொல்லுவா. 2021 பிப்ரவரி 1ம் தேதி அந்த நாட்டு அரசாங்கம் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வச்சுருச்சு. அவ்ளோதான், நான் ஏழு மணிக்கு கூப்பிட்டா இங்க பத்தரை, புள்ள தூங்கிருவா. ஒரு நாட்டு அரசாங்கம் ஏதோ ஒரு காரணத்துக்கு முள்ள திருப்பினது என் மக தூங்குற நேரத்துல வந்து இடிச்சுது.

பெருசு. 2021 மே. நான் ஏற்கனவே கொரோனா தடுப்பூசி போட்டுட்டேன், அமைதிப்படைக்குன்னு இந்தியா 2 லட்சம் டோஸ் குடுத்துச்சு, நம்ம ஊர் கோவிஷீல்ட நான் நைல் நதிக் கரைல போட்டுகிட்டேன். இங்க எங்கப்பா வாட்ஸ்அப் வீடியோவ பாத்துட்டு அதெல்லாம் வேண்டாம்னு உக்காந்திருந்தார். முதல்ல சித்தப்பாவுக்கு வந்துச்சு, அடுத்து அப்பாவுக்கு. ஊரடங்கு. என் வீட்டுக்காரி மதுரைல இருந்து பாஸ் வாங்கி கார் பிடிச்சு ஊருக்குப் போய், ரெண்டு பேரையும் ஏத்திகிட்டு பெட் கிடைக்குமான்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையிறா, நான் அங்க ஜெனரேட்டர் சத்தத்துல போன காதுல வச்சு நெட் கட்டாகி கட்டாகி பாதி வார்த்தைய பிடிச்சுகிட்டு நிக்கிறேன். நாலாவது இடத்துல அப்பாவுக்கு ஆக்சிஜன் கிடைச்சது. சித்தப்பாவுக்கு கிடைக்கல.

லீவு குடுக்க கமாண்டர் தயாராத்தான் இருந்தார். ஆனா ஜுபா வரணும், ஃப்ளைட் இருக்கணும், போனா தனிமைல இருக்கணும், எல்லாம் கணக்குப் போட்டா வீட்டு வாசல மிதிக்க மூணு வாரம் ஆகும். அப்பாவே நர்ஸ் போன்ல பேசினார், மூச்சு வாங்குது, "நீ வந்து என்ன செய்யப் போற, அவ பாத்துக்கிறா"ன்னார். சித்தப்பாவ ஊருக்கு கொண்டு வரவே விடல. எனக்கு வேட்டி கட்ட சொல்லிக் குடுத்தவரு அவரு.

அன்னைக்கும் அஞ்சு மணிக்கு சிட்ரெப் அனுப்பினேன். எங்க ஏரியால ஒண்ணும் நடக்கல, அதனால "நிலைமை அமைதி"ன்னுதான் எழுதணும், அதத்தான் எழுதினேன். யுத்த பூமிக்கு போனவன்னு ஊர்ல எல்லாரும் எனக்காக விளக்கு போட்டாங்க, நான் கொசுவலைக்குள்ள சுகமா இருந்தேன். என் வீட்டுக்காரிக்கு யாரும் விளக்கு போடல. ஐ.நா. 90 நாள் முடிச்சா ஒரு மெடல் குடுக்கும், அத அவ அலமாரில சேலைக்கு அடில போட்டு வச்சிருக்கா, கேட்டா இடத்த அடைக்குதுங்கிறா.

உயிருக்கு பயமே இல்லியா? (கடலூர்)

2013 ஏப்ரல்ல அதே நாட்டுல குமுருக் பக்கத்துல ஒரு கான்வாய மறிச்சு சுட்டதுல நம்ம லெப்டினன்ட் கர்னல் மஹிபால் சிங்கும் நாலு ஜவான்களும் போனாங்க, கூட வந்த சிவிலியன்கள் ஏழு பேரும். அதே வருஷம் டிசம்பர்ல அகோபோல இன்னும் ரெண்டு இந்திய வீரர்கள், தஞ்சம்னு உள்ள வந்த ஜனங்களுக்கு காவலா நின்னவங்க. பயம் இருந்துச்சு.

திரும்பி வந்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க? (மதுரை)

உங்க ஊர்லதான் இறங்கினேன். ஏர்போர்ட்டுக்கு வீட்டுக்காரியே கார ஓட்டிகிட்டு வந்திருந்தா, ஒரு வருஷத்துல நல்லா ஓட்டக் கத்துகிட்டா. நான் ஓட்டுறேன்னு சாவிய வாங்கினேன். பெருங்குடி தாண்டி வலது பக்கம் திரும்பணும், கெத்தா இண்டிகேட்டர போட்டேன், வைப்பர் ஆடுது. பின்னாடி சீட்ல இருந்து மக "அப்பா மழையே இல்லியே"ங்கிறா. அதோட நான் பாட்டுக்கு ரோட்டுக்கு வலது பக்கமே ஏறி போயிட்டிருக்கேன், எதுத்தாப்ல ஒரு டவுன் பஸ்ஸு, டிரைவர் தலைய வெளில நீட்டி சொன்னத இந்தப் பத்திரிகைல போட முடியாது. ஓரமா நிறுத்திட்டு சாவிய அவ கைல குடுத்துட்டேன்.